தகப்பன் கொடுவா

பழுகாமத்தில் பிறந்து, தோணியில் ஆற்றைக் கடந்து வந்து, எங்கள் வீட்டு மனிதனாகவே ஆகிப்போன என் அருமை மச்சான் நாகமணிக்கு,

சாமித்தம்பி எழுதுகிறேன். ஆம், என் கையாலேயேதான். மீனவர் சங்கக் கூட்டத்தில் பெருவிரலை மையில் தோய்த்துவிட்டு அதை உடுத்த சாரத்தில் துடைப்பேனே, அந்த விரலும் சேர்ந்துதான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது. வாசிகசாலையில் பெரியவர்களுக்கென்று பின்னேர வகுப்பு வைத்தார்கள். போன மழைக்குப் போய் உட்கார்ந்தேன். இந்த மழைக்குள் எழுத வந்துவிட்டது. துடுப்பை இறுக்கிப் பிடித்தால் தோணி போகும். பேனாவை இறுக்கிப் பிடித்தால் தாள்தான் கிழிகிறது. அதனால் மெல்ல எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அதை வாசித்துப் பார்த்து, நான்தானா இதை எழுதினேன் என்று மகிழ்ந்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறேன்.

உன் ஆண்டுத் திவசத்துக்கு வாசிகசாலைப் பிள்ளைகள் ஒரு நினைவு மலர் அடிக்கிறார்கள். இந்தக் கடிதத்தையும் அதில் போடுவார்களாம். ஊர் வாசித்தால் வாசிக்கட்டும். நான் பேசுவது உன்னோடு.

போன கிழமை நம் மீன்குளத்தில் வலை இழுத்தோம். அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடும்போது அந்த மீன்கள் விரல் நீளக் குஞ்சுகள். வலை பாரமாக வந்தால் குளம் நமக்கு, வராவிட்டால் மூடுவது என்று சங்கத் தலைவர் சொல்லியிருந்தது உனக்கு நினைவிருக்கும். என்ன ஆனதென்று தெரியாமலே போய்விட்டாய். எனக்கு அதுதான் ஆறவில்லை.

நம் இருவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்த நாள் நினைவிருக்கிறதா? விடுதிக்காரர் ஒரு வெள்ளைக்காரனைத் தூண்டிலோடு கூட்டி வந்தார். நாம்தான் தோணி வலித்தோம். அவன் ஒரு கொடுவா மீனை இழுத்துப் போராடி மேலே எடுத்தான். படம் எடுத்தான். அதன் நெற்றியில் முத்தம் வைத்தான். பிறகு ஆற்றிலேயே விட்டுவிட்டான்.

"ஆணச் சட்டிக்குப் போற மீன இவன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறான் மச்சான்" என்றாய். தோணி ஆடும்படி சிரித்தோம்.

ஆனால் கரைக்கு வரும்போது நீ சிரிக்கவில்லை. "அவன் கொஞ்சின மீன் சின்னன்கா. எங்கட ஆத்தில இதப்போல ரெண்டு பங்கு பெரிசு கிடந்தது. பெரிசு பெரிசாப் பாத்துப் புடிச்சித் திண்டு முடிச்சம். மிஞ்சினது சின்னன். சின்னன் சின்னனத்தானே பெறும்?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்வியோடுதான் இறால்காரர் கைவிட்டுப்போன குளத்தைச் சங்கத்திடம் கேட்டு வாங்கினாய். பெரிய கொடுவாக்களைத் தெரிந்தெடுத்து வைத்து, அவற்றின் குஞ்சுகளை வளர்த்து, அவற்றிலும் பெரியதைத் தெரிந்தெடுத்து, ஆற்றில் மறுபடி பெரிய மீனை உண்டாக்குவது என்று புறப்பட்டாய். தூண்டில்காரர்கள் அந்த மீனைத் தேடி நம் கரைக்கு வரவேண்டும், நம் பொடியன்கள் அவர்களுக்குத் தோணி வலிக்கவேண்டும் என்பது உன் கணக்கு. நானும் பின்னால் வந்தேன். உன் மகள் தேவகி குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தது நமக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஊசி போட்டு முட்டை விட வைப்பதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

கொடுவா பிறக்கும்போது எல்லாம் ஆண், வளர்ந்து பெருத்த பிறகு அதே மீன்தான் பெண்ணாக மாறுகிறது என்று அவள் முதன்முதல் சொன்ன நாளில் நீ கேட்டாயே, "அப்ப நான் எப்ப புள்ள மாமியாகிறது?" என்று. உன் மனைவி, என் தங்கச்சி பாக்கியம், அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து, "முதல்ல ஒழுங்கான ஆம்பிளையாகட்டும், மறுகா மாமியாகலாம்" என்றாள். அந்தச் சிரிப்பு இப்போதும் அந்த வீட்டுக் கூரையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் பிழை எங்கே தொடங்கியது என்று இப்போது எனக்குத் தெரியும் மச்சான். வேறு ஊர்க்காரர் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி, தாயின் வம்சம். கோயில் திருவிழாவில் முறை வருவதும் தாயின் குடியால். கலியாணம் பேசும்போது முதலில் கேட்பதும் அதுதான்; ஒரே குடிக்குள் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை. அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்து நீ மீனுக்கும் போட்டாய். முகத்துவாரத்தில் பிடித்த பெரிய தாய்மீன்களுக்குக் குடிப்பெயர் வைத்தாய். வால் கறுத்தவள் கருவாலி குடி. செட்டை கிழிந்தவள் வெட்டுச்செட்டைக் குடி. ஒரு குடி மீனை அதே குடி மீனோடு ஒரு தொட்டியில் விடமாட்டாய். ஒருமுறை நான் தெரியாமல் விட்டதற்கு, "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தாலி எடுத்துக் குடுக்கிறியோ?" என்று கத்தினாய்.

அந்தப் பாதி சரிதான். இரத்த உறவுக்குள் சேர்த்துக்கொண்டே போனால் குஞ்சு பலவீனமாகும் என்று தேவகியும் சொன்னாள். "அப்பாட குடிச்சட்டம் எங்கட நிலையத்திலயும் இரிக்கி. பேர்தான் வேற" என்றாள். அன்று நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாய்.

மறுபாதியை நாம் பார்க்கவே இல்லை. தாயைத் தெரிந்தெடுக்க எத்தனை நாள் அலைந்தோம்! நீளம் பார்த்தோம், முதுகு பார்த்தோம், எந்த ஆற்றுவாயிலிருந்து ஏறி வந்தவள் என்று கேட்டோம். தகப்பனுக்கு என்ன செய்தோம்? குளத்தில் கையை விட்டு, அகப்பட்ட சின்ன மீனை எடுத்து, வயிற்றை அழுத்தி, விந்துப்பால் வந்தால் போதும் என்று தொட்டியில் போட்டோம்.

"கடுவன் எவனா இரிந்தா என்ன? வால ஆட்டத் தெரிஞ்சாச் சரி. குடி தாய்ட குடிதானே" என்பாய். நானும் ஓம் என்பேன். ஊரே ஓம் என்றிருக்கும்.

ஆண் என்றால் சின்னதாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தெரியும். சின்னதாக இருப்பது இளமையாலா, வளராத குறையாலா என்று கேட்கத் தெரியவில்லை. குளத்தில் கிடந்த சின்னனெல்லாம் நமக்கு ஒன்றுதான்.

மழை மழையாகக் காலம் போக, மீன் சிறுத்துக்கொண்டே வந்தது. தாய் என்னவோ தோணிப் பலகை போலத்தான் கிடந்தாள். பிள்ளைகள் தேறவில்லை. தூண்டில்காரர்களைக் கூட்டி வருவதை விடுதிக்காரர் நிறுத்திவிட்டார். சங்கக் கூட்டத்தில் தலைவர், "நாகமணியண்ணன்ட கொடுவாவுக்கு இனித் தூண்டில் வேணாம், படுக்கைக்குக் கட்டுற நுளம்புவலை போதும்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு வீடு வரும் வரை ஒரு சொல் பேசவில்லை.

குளத்தை மூடி இறால்காரருக்கே கொடுத்துவிடுவோம் என்று முடிவானபோது தேவகி எழும்பி, இன்னும் ஒரு தரம் பார்க்க விடுங்கள் என்று கேட்டாள். "சரி புள்ள. இந்தமுறை வலை பாரமா வந்தாக் குளம் உங்கட. வராட்டி மறுகா வந்து பறையப்படா" என்றார் தலைவர்.

அடுத்த நாள் காலை அவள் குளத்தில் இறங்கினாள். நாம் தகப்பன் என்று வைத்திருந்த மீன் ஒன்றைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.

"மாமா, இதின்ட கண்ணப் பாருங்க."

"கண்ணுக்கென்ன? நல்ல வடிவான கண்."

"உடம்பு சின்னன், தலை பெரிசு, கண் பெரிசு. இது பொடியனில்ல மாமா. கிழவன். வளராம நிண்ட கிழவன். அப்பா இவ்வளவு காலமும் கிழவனத்தான் மாப்பிளையாக்கியிரிக்கார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அண்ணன் தம்பியைத் தின்று பெருக்காமல் அளவு அளவாகப் பிரித்து வைத்து, அவற்றில் முந்தி வளர்ந்த இளம் ஆண்களைத்தான் தகப்பனாக எடுக்கவேண்டும் என்றாள். நிலையத்தில் அப்படி வளர்ந்த மீன்களில் சிலவற்றைக் கேட்டுக் கொண்டு வந்தாள். கருவாலியின் முட்டையைப் பாதி பாதியாக்கி, ஒரு பாதிக்கு நம் கிழவனையும் மறுபாதிக்கு அவற்றில் ஓர் இளையவனையும் தகப்பனாக்கினாள். குஞ்சு கொஞ்சம் பெருத்ததும் கிழவனின் பிள்ளைகளுக்கு இடப்பக்கச் செட்டையிலும் இளையவனின் பிள்ளைகளுக்கு வலப்பக்கச் செட்டையிலும் நுனியைக் கத்தரித்து, எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விட்டு, ஒன்றையொன்று தின்னாதபடி வயிறு நிறையத் தீன் போடுவது அவள் எண்ணம்.

உனக்குக் கோபம். "தாய்மாரப் பாருகா. தகப்பன என்னத்துக்குப் போட்டுக் கிண்டுறாய்?" என்றாய். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து வலையை மடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் விழுங்கிய சொல் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். நீயும் பக்கத்திலேயே நின்றாய்.

அதன் பிறகு உன் நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "குஞ்சு என்னமாதிரி?" என்று கேட்டாய். விரலளவு என்றேன். மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தபடி, "தாய்மார நான்தான் பிழையாத் தெரிஞ்செடுத்திட்டன் போல மச்சான்" என்றாய்.

நீ மீனைப் பற்றி என்னிடம் சொன்ன கடைசிச் சொல் அது. பிழையான சொல். தாய்மார் பிழையில்லை, மச்சான். ஒருத்தியும் பிழையில்லை. உன் கண் அவ்வளவு நல்ல கண்.

உன் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு தேவகி குளத்துக்குப் போனாள். நானும் போனேன். தீன் எறிந்துகொண்டே, கேட்காமலே சொன்னாள்.

"குஞ்சுக்குத் தாயிட்டயிருந்து பாதி மாமா, தகப்பனிட்டயிருந்து பாதி. குடிக்குத் தாய் போதும். உடம்புக்கு ரெண்டு பேரும் வேணும். இத அப்பாட்டச் சொல்ல வந்தன். அவர் கோவிச்சிட்டார். மறுகா ஆறுதலாச் சொல்லலாமெண்டு விட்டன்."

அவள் தொடர்ந்து தீன் எறிந்தாள். எனக்கு மீன் மறந்துபோயிற்று.

தேவகி பெரியபிள்ளையான சடங்கு எனக்கு நினைவு வந்தது. மாமன் என்று நான் முன்னுக்கு நின்றேன். சீர் வரிசை என் கையால் போனது. அவளுடைய கலியாணத்திலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்து, "பொம்புளைட தகப்பன் எங்க?" என்று கேட்டபோது, நீ பின்வளவில் சோற்றுக் கிடாரத்தை இறக்கிக்கொண்டிருந்தாய். தோளில் துவாயோடு வேர்த்து வழிய வந்து நின்று, "எல்லாம் மச்சான்தான். நான் கூட வந்தவன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

யாரும் உன்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. நம் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு, பிள்ளை அவள் குடிக்கு, முறை மாமனுக்கு. நீ ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஒரு பெட்டியோடு வந்தவன். அந்த வீட்டில் உன்னுடையது என்று எது இருந்தது மச்சான்? நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. உனக்காவது அந்தக் கேள்வி வந்ததா? வந்து, சிரித்து ஒதுக்கிவிட்டாயா? எந்தக் கடுவனாயிருந்தால் என்ன என்று நீ சொன்னபோதெல்லாம் மீனைத்தான் சொன்னாயா?

தீன் எறிந்த அவள் கையைப் பார்த்தேன். இடக்கை.

எங்கள் குடியில் இடக்கைக்காரர் ஒருவரும் கிடையாது. சின்ன வயதில் அவள் இடக்கையால் சோறு அள்ளும்போதெல்லாம் பாக்கியம் விரலில் தட்டுவாள். சோற்றுக்கு மட்டும் வலக்கை வந்தது. மற்றதெல்லாம் இடக்கைதான். வலை முடிச்சை உன்னைப் போலவே உட்பக்கமாகச் சுழற்றிப் போடுகிறாள். அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் ஊரில் எத்தனை பேர் உன்னை ஏசியிருக்கிறார்கள்! சத்தமாகச் சிரிப்பு வந்தால் மேலுதட்டைக் கடிக்கிறாள். ஒருவர் ஏளனம் செய்தால் கூடவே சிரித்துவிட்டு, வீடு வரும் வரை பேசாமல் வருகிறாள். இவ்வளவு காலமும் எங்கள் கண் முன்னால் நடமாடியது நீதான். நாங்கள் எங்கள் குடிப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உயிரோடு இருந்தபோது இதை ஒருவர் உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியது என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவளுக்கு நாள் கிடைக்கவில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

போன கிழமை காலை, மழை இருட்டிக்கொண்டு வரும்போது வலை இழுத்தோம். சங்கம் முழுக்கக் கரையில் நின்றது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாக்கியம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்து கண்டல் மரத்துக்குப் பின்னால் நின்றாள். பாதி தூரம் வந்ததும் வலை நின்றுவிட்டது. சேற்றில் சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். தேவகி கழுத்தளவுத் தண்ணீரில் முன்னுக்கு நின்றாள். "சேறில்ல மாமா! இழுங்க, மீன்!" என்று கத்தினாள்.

மேலே எடுத்துப் பரப்பினோம். ஒரே தாய், ஒரே தண்ணீர், ஒரே தீன். இடப்பக்கம் கத்தரித்தது உள்ளங்கையளவு மீன். வலப்பக்கம் கத்தரித்தது முழ நீள மீன். செட்டையைப் பார்க்காமலே பிரிக்கலாம். எந்தத் தகப்பனின் பிள்ளை என்று உடம்பே சொன்னது. தலைவர் குனிந்து ஒன்றைத் தூக்கப்போய், அது வாலால் அடித்து அவர் மூக்குக்கண்ணாடியைக் குளத்துக்குள் அனுப்பியது.

"இதுக்கு நுளம்புவலை போடுவமா?" என்று கேட்டேன்.

"சும்மா இருகா" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாகமணியண்ணன் இரிந்திருக்கணும்" என்றார். குளத்தை மூடும் பேச்சு அத்தோடு போயிற்று. அடுத்த மழைக்கு இவற்றின் குஞ்சுகளை ஆற்றில் விடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

கண்டல் மரத்துப் பக்கம் பார்த்தேன். பாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளும் அந்த இடத்தில் உன்னைத்தான் தேடினாள்.

வலப்பக்கம் கத்தரித்தவற்றில் எல்லாவற்றையும் முந்திய ஒருவன் இருந்தான். முதுகு நிமிர்ந்து, செதில் வெள்ளிக்காசு போல. இன்னும் ஆண்தான். அவனைத் தேவகி தனித்தொட்டிக்குக் கொண்டுபோனாள். இனி வரப்போகும் குஞ்சுகளுக்கு அவன்தான் தகப்பன். தொட்டிக்குப் பெயர்ப்பலகை வேண்டுமென்று ஒரு துண்டுப் பலகையையும் பெயின்ட் வாளியையும் என்னிடம் நீட்டினாள்.

"என்ன எழுத?"

"உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றாள்.

தெரியும். எழுதினேன். நாகமணி. எழுத்து கொஞ்சம் ஏறி இறங்கியது. ஆனாலும் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். நான் தாளுக்கு வெளியே எழுதிய முதல் சொல் உன் பெயர். அதை வைத்துவிட்டுத் தள்ளி நின்று எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதே.

தலைவர் வந்து பார்த்துவிட்டு, "கருவாலி குடியெண்டெல்லோ எழுதணும்? ஆம்பிளைக்கு எங்ககா குடி?" என்று கேட்டார்.

தேவகி தண்ணீருக்குள் இடக்கையை விட்டு அந்த மீனின் முதுகைத் தடவிக்கொண்டே, "கொஞ்சக் காலம் பொறுங்க. இவர் தாயாயிருவார். மறுகா குடி இவரிட்டயிருந்துதான்" என்றாள்.

தலைவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தொட்டிக்குப் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மீனை ஒரு தூண்டிலும் தொடவிடமாட்டேன், ஒரு சட்டியிலும் ஏறவிடமாட்டேன். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். அவன் பெருத்து, மாறி, முதல் முட்டை விடும் வரை எனக்கு உயிர் கிடந்தால், அந்தப் பலகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் ‘குடி’ என்ற சொல்லையும் நானே எழுதுவேன். அதற்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு முடியாமல் போனால் தேவகி எழுதுவாள், உன்னுடைய இடக்கையால்.

இதுவரை ஊரில் எல்லாரும் அவளைச் சாமித்தம்பியின் மருமகள் என்றுதான் சொல்வார்கள். நானும் அவளை உன் மகள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்று முதல் இப்படித்தான் ஒப்பம் வைப்பேன்.

நாகமணியின் மகளுக்கு மாமன்,
சாமித்தம்பி
செட்டிபாளையம்